ஒல்லியோ பருமனோ, ஒரே அடுப்புதான்: பிள்ளைகளின் எடைக்கு 22 குறிப்புகள்

ஒரே வீட்டில் மூத்தவனுக்குப் போன வருஷத்து பேன்ட் பட்டன் போட முடியாது. இளையவளுக்கோ பாவாடை இடுப்பில் நிற்காது. அம்மா ஒருவனைப் பார்த்து “போதும், எழுந்திரு” என்பார். அடுத்தவள் பின்னால் சோற்றுக் கிண்ணத்தோடு ஓடுவார். இருவருக்கும் தனித்தனியாகச் சமைத்துச் சோர்ந்து போகும் வீடுகள் நிறைய. உண்மையில் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டியது பெரும்பாலும் ஒன்றேதான்: நேரத்துக்குச் சாப்பாடு, பருப்பும் காயும் முட்டையும் உள்ள தட்டு, ஓடியாட ஒரு மாலைப் பொழுது, நிறைவான தூக்கம். மாற வேண்டியது வீட்டின் வழக்கம். அதை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் மாற்றப் பார்ப்பதால்தான் வீட்டில் சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகிறது.

இரண்டு பிரச்சினைகளும் நம் நாட்டில் சேர்ந்தே இருக்கின்றன. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 32.1 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 2.1 சதவீதமாக இருந்த அதிக எடைக் குழந்தைகள், இதில் 3.4 சதவீதமாகியிருக்கிறார்கள்.

1. கண்ணளவை நம்பாதீர்கள்

கல்யாண வீட்டில் யாரோ “என்ன, பையன் இப்படி இளைச்சுட்டான்?” என்று கேட்டதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். எடை பார்க்க எப்போதும் ஒரே மெஷின், மெல்லிய உடுப்பு, வெறுங்கால், காலையில் சாப்பிடுவதற்கு முன். மாதம் ஒருமுறை போதும். ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையே தாராளம். தினமும் மெஷினில் ஏற்றி இறக்குவது பிள்ளைக்குப் பயத்தைத்தான் தரும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலே 200 கிராம் கூடிக் காட்டும்.

உயரத்தையும் கட்டாயம் அளக்க வேண்டும். குதிகாலும் தோளும் சுவரை ஒட்டி இருக்க, பிள்ளை நேராகப் பார்த்து நிற்கட்டும். தடித்த நோட்டு ஒன்றைச் சுவரோடு ஒட்டித் தலைமேல் படுக்கையாக வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியும் எழுதுங்கள். வாடகை வீடென்றால் கதவின் பின்பக்கம் ஒரு நீளக் காகிதம் ஒட்டிக்கொள்ளலாம். உயரம் தெரியாமல் எடையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

2. எவ்வளவு கூட வேண்டும்?

பிறந்த எடை ஐந்து, ஆறு மாதத்தில் இரு மடங்காகும். ஒரு வயதில் மும்மடங்கு. இரண்டு வயதில் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதன் பிறகு வேகம் நன்றாகக் குறைந்துவிடும். பூப்பு வயது வரை ஆண்டுக்கு இரண்டு மூன்று கிலோவும், ஐந்தாறு சென்டிமீட்டர் உயரமும் கூடினால் சரி. வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறையும். “ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான், இப்ப தொடவே மாட்டேங்கிறான்” என்ற புலம்பல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கேட்பது இதனால்தான்.

3. அட்டையைப் பீரோவில் பூட்டாதீர்கள்

தடுப்பூசி முடிந்ததும் தாய்-சேய் நல அட்டையை எடுத்து வைத்துவிடுகிறோம். அதில் உள்ள வளர்ச்சி வரைபடம் ஐந்து வயது வரை உதவும். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டு அதில் புள்ளி வைத்துத் தருவார்கள். தனியார் மருத்துவரிடம் போகிறவர்களும் கேட்டு வாங்கலாம். புள்ளி பச்சைப் பட்டையில் இருந்தால் நல்லது. மஞ்சளுக்கோ ஆரஞ்சுக்கோ இறங்கினால் கவனிக்க வேண்டும்.

ஒரு மாதத்துப் புள்ளியைவிட, புள்ளிகளைச் சேர்க்கும் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். கீழ்ப்பகுதியிலேயே இருந்தாலும் சீராக மேலேறும் குழந்தை நலமாக வளர்கிறது. நடுவில் இருந்துவிட்டு இரண்டு மூன்று மாதமாகக் கோடு படுத்துக்கிடந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

4. பெரியவர்களின் பிஎம்ஐ கணக்கு பிள்ளைக்குப் பொருந்தாது

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் பிஎம்ஐ. பத்து வயதுப் பையன், உயரம் 138 சென்டிமீட்டர், எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 21 வரும். அப்பாவுக்கு 21 என்றால் அருமை. பத்து வயதுப் பையனுக்கு அது அதிக எடை. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அந்த வயதுக்கு நடுமட்டமே 16.4தான், 18.5ஐத் தாண்டினாலே அதிக எடைப் பட்டியலில் வந்துவிடும். அதனால் செல்போன் ஆப்பில் வயதைக் கேட்காமல் “நார்மல்” என்று காட்டினால் நம்ப வேண்டாம். இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 18 வயது வரைக்கான வரைபடங்களை 2015இல் வெளியிட்டிருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் அதில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

5. நூல் சோதனை

மெஷினே வேண்டாம். பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து வெட்டி, சரிபாதியாக மடியுங்கள். மடித்த நூல் தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றி வந்து முனைகள் தொட்டுக்கொண்டால் சரி. தொடாமல் இடைவெளி விட்டால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது என்று பொருள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தும். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும்.

6. கைச்சுற்றளவு

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்குத் தையல் டேப்பே போதும். இடது மேல்கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, இறுக்காமல் சுற்றிப் பாருங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். 11.5க்கும் கீழ் என்றால் அன்றைக்கே. அது கடுமையான ஊட்டக்குறைவு; வீட்டு வைத்தியம் செய்து நாளைக் கடத்தக் கூடாது.

7. நாலு முதல் ஆறு வயது வரை விலா எலும்பு தெரியும்

அந்த வயதில்தான் பிள்ளைகள் வாழ்நாளிலேயே மிக ஒல்லியாக இருப்பார்கள். குழந்தைக் கொழுப்பு கரைந்து கைகால் நீளும் பருவம் அது. ஓடுகிறது, விளையாடுகிறது, உயரக்கோடு ஏறுகிறது என்றால் விட்டுவிடுங்கள். இந்தப் பருவத்தில் பயந்து போய்த் திணிக்க ஆரம்பிக்கும் வீடுகளில்தான், பத்து வயதில் அதே பிள்ளையின் பருமனுக்காக மருத்துவரைத் தேட வேண்டிவருகிறது.

8. என்ன, எப்போது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். தட்டில் எது வர வேண்டும், எந்த நேரத்துக்கு, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். அதில் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை வயிறு முடிவு செய்யட்டும்.

“இன்னும் ஒரு வாய், அம்மாவுக்காக ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய்” என்று ஊட்டும்போது, பசி அடங்கியதைச் சொல்லும் உள்குரலைப் பிள்ளை கேட்காமல் இருக்கப் பழகுகிறது. ஒல்லிப் பிள்ளைக்கு அது சாப்பாட்டின் மேல் வெறுப்பைத் தருகிறது. பருமனான பிள்ளைக்கு அளவே தெரியாமல் செய்துவிடுகிறது. தட்டைக் காலி செய்தே ஆக வேண்டும் என்ற சட்டத்தை எடுத்துவிடுங்கள். உணவு வீணாகும் கவலை நியாயமானதுதான். அதற்கு வழி, முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் வைப்பது.

ஒன்றரை வயதிலிருந்தே தானாக எடுத்துச் சாப்பிடக் கொடுங்கள். தரையெல்லாம் சோறு சிந்தும்; பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஊட்டிக்கொண்டிருப்பது பாசம்தான், ஆனால் அந்தப் பாசத்தைக் காட்ட வேறு எத்தனையோ வழிகள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சாப்பிடுங்கள்.

9. மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறு தீனி; மற்ற நேரம் தண்ணீர்

“எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறா” என்று சொல்லப்படும் பிள்ளையின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். பத்தரைக்கு இரண்டு பிஸ்கட், பதினொன்றரைக்குப் பால், பன்னிரண்டுக்கு அண்ணன் வைத்திருந்த சிப்ஸ். ஒரு மணிக்குச் சோறு எப்படி இறங்கும்? சாப்பாட்டுக்கு முந்தைய ஒன்றரை, இரண்டு மணி நேரம் வாயில் ஒன்றும் போகக் கூடாது. இந்த ஒழுங்கு பருமனான பிள்ளைக்கும் அப்படியே உதவும். எந்நேரமும் கொறிப்பது தானாகக் குறையும்.

10. பாலுக்கும் அளவு உண்டு

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். அதற்கு மேல் போனால் வயிறு பாலிலேயே நிரம்பி, கீரைக்கும் பருப்புக்கும் இடம் இருக்காது; இரும்புச்சத்து குறைந்து இரத்தசோகை வரும். இரத்தசோகை பசியைக் கொல்லும். பசியில்லை என்று இன்னும் பால் கொடுப்போம். பால்புட்டியோடு மூன்று வயது வரை இருக்கும் பிள்ளைகள் இந்தச் சுழலில்தான் மாட்டுகிறார்கள்.

ஆவின் வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. இரண்டு வயதுக்கு மேல், எடை கூடுதலான பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் நீலப் பாக்கெட்டே போதும்.

11. டப்பா பவுடர்கள்

உயரமாகலாம், புத்திசாலியாகலாம் என்று விளம்பரம் வரும் மால்ட் பவுடர்களில் கணிசமான பங்கு சர்க்கரை. டப்பாவைத் திருப்பி, 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இவற்றை “ஹெல்த் டிரிங்க்” என்ற தலைப்பின்கீழ் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணையக் கடைகளுக்குச் சொன்னது. அந்தக் காசில் ஒரு மாதத்துக்கு வேர்க்கடலையும் முட்டையும் வாங்கலாம். மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் பசி சிரப்புகள் அதைவிட மோசம். பலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கும். நிறுத்தியதும் பசியும் போய்விடும்.

12. காலைச் சாப்பாடு

ஏழு மணிக்கு வேன் வந்துவிடும், ஆறரைக்கு எழுந்த பிள்ளைக்குப் பசிக்காது. அரை மணி நேரம் முன்னதாக எழுப்புவது ஒன்றே வழி. அதற்கு முந்தைய இரவு அரை மணி முன்னதாகப் படுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு போகும் பிள்ளை பதினொரு மணிக்குக் கிடைப்பதை எல்லாம் தின்னும். இட்லி இரண்டு, சாம்பார் நிறைய, ஒரு முட்டை என்றால் மதியம் வரை தாங்கும்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, பொங்கல், கிச்சடி எல்லாம் காய்கறி சாம்பாரோடு கிடைக்கும். வீட்டில் அவசரமாக இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்து அந்தப் பசியைக் கெடுத்து அனுப்பாதீர்கள்.

13. மதிய டப்பாவைத் திறந்து பாருங்கள்

திங்கள் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். செவ்வாய் தக்காளி சாதம், அப்பளம். புதன் தயிர் சாதம், சிப்ஸ். வியாழன் தேங்காய் சாதம், மீண்டும் உருளை. நகரத்து டிபன் பாக்ஸ்களில் பாதி இப்படித்தான் போகிறது. மாவுச்சத்துக்குத் தொட்டுக்கொள்ள மாவுச்சத்து. ஒல்லிப் பிள்ளைக்கு இதில் தசை வளரப் புரதம் இல்லை. பருமனான பிள்ளைக்கு மாவும் எண்ணெயும் கூடிக்கொண்டே போகிறது.

சாதம் அப்படியே இருக்கட்டும். தொட்டுக்கொள்ளும் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். எலுமிச்சை சாதத்துக்கு வேகவைத்த முட்டையை மிளகுத்தூள் தூவி இரண்டாக வெட்டி வைக்கலாம். முட்டை சாப்பிடாத வீட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல். தக்காளி சாதத்துக்குப் பாசிப்பருப்பு போட்ட கோஸ் பொரியல். தயிர் சாதத்துக்குள்ளேயே கேரட் துருவலும் மாதுளையும். கீரையைக் கடைந்து சாதத்தில் பிசைந்து கொடுத்தால் காலையில் செய்தது மதியத்துக்குள் நிறம் மாறிப் பிள்ளைக்குக் கூச்சமாகிவிடும். அதை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; இரவில் கீரை வேண்டாம் என்பவர்கள் முருங்கைக்கீரையை அடை மாவில் கலந்து விடலாம்.

பெட்டி திரும்பி வரும்போது மிச்சத்தைப் பார்த்துத் திட்டாமல், எது மிஞ்சியது என்று கவனியுங்கள். ஒரு காயை எட்டு, பத்து முறை தட்டில் பார்த்த பிறகே சில பிள்ளைகள் வாயில் வைக்கும்.

14. மாலைப் பலகாரம்

அவித்த வேர்க்கடலை, பொரியும் பொட்டுக்கடலையும், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பனங்கிழங்கு, காராமணிச் சுண்டல், அவல், கொய்யா, வாழைப்பழம், காரக் கொழுக்கட்டை, மோர். பள்ளி விட்டு வரும் பசிக்கு இவை தயாராக எதிரில் இருக்க வேண்டும். பிள்ளை கேட்ட பிறகு அவிக்கத் தொடங்கினால் பாக்கெட் ஜெயித்துவிடும். சிப்ஸ் பாக்கெட்டை வீட்டில் வாங்கி ஒளித்து வைப்பதைவிட வாங்காமல் இருப்பது எளிது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும். பொடித்தோ மசித்தோ கொடுங்கள்.

15. எடை கூட வேண்டிய பிள்ளைக்கு

சோற்றின் அளவைக் கூட்டாதீர்கள், அந்தச் சோற்றுக்குள் சத்தைக் கூட்டுங்கள். சிறிய வயிறு அது. பருப்புச் சாதத்தில் ஒரு தேக்கரண்டி நெய், இட்லிக்கு எள்ளு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும், கஞ்சியில் கடலைப் பொடி, தோசை மாவில் ஒரு முட்டை உடைத்து ஊற்றுவது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் கூழ் காய்ச்சினால் கெட்டியாகாமல் இளகி இருக்கும். அதனால் அதே கிண்ணத்தில் அதிக மாவு உள்ளே போகும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்துவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. உருண்டை பிடித்தால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும்.

இனிப்பும் வறுவலும் கொடுத்து எடை ஏற்றினால் ஏறுவது கொழுப்பு மட்டுமே.

16. எடை கூடிய பிள்ளைக்கு

வளரும் பிள்ளைக்கு டயட் என்று ஒன்று வேண்டாம். பட்டினி போடுவது, இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது, தேனும் எலுமிச்சையும் வெறும் வயிற்றில் கொடுப்பது, எதுவும் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை குறையவே தேவையில்லை. ஒரு வருடம் எடை அப்படியே நின்று உயரம் ஐந்தாறு சென்டிமீட்டர் ஏறினாலே கணக்கு நேராகிவிடும்.

முதலில் கை வைக்க வேண்டியது குடிப்பவற்றில்: பாட்டில் பானங்கள், டெட்ரா பேக் ஜூஸ், ரோஸ்மில்க். 250 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி சர்க்கரை. 1,500 கலோரி தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் உகந்ததாகச் சொல்லும் 5 சதவீதக் கணக்கில் பார்த்தால், ஒரு நாள் முழுவதற்கும் வரும் சர்க்கரை ஐந்து தேக்கரண்டிக்கும் குறைவு. வீட்டிலே பிழிந்தாலும் ஜூஸ் ஜூஸ்தான். பழத்தை வெட்டிக் கொடுங்கள்.

அடுத்து எண்ணெய். வீட்டில் நான்கு பேர் என்றால் மாதம் இரண்டு லிட்டர் போதும். எத்தனை பாக்கெட் வாங்குகிறோம் என்று மளிகைச் சீட்டைப் பாருங்கள். கடைசியாகத் தட்டு: பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ, கால் தட்டு சோறு. இந்தத் தட்டு அப்பாவுக்கும் வர வேண்டும். தம்பிக்கு ஐஸ்கிரீம், அக்காவுக்கு வெள்ளரிக்காய் என்று பிரிப்பது ஒரு பிள்ளைக்குத் தரும் தண்டனை.

17. ஒரு மணி நேரம் ஓட வேண்டும்

5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நொண்டி, கோகோ, ஸ்கிப்பிங், சைக்கிள், மாடியில் ஓடிப்பிடித்தல், எதுவானாலும் சரி. ஐந்து முதல் எட்டு மணி வரை ட்யூஷன் என்றால் பிள்ளை எப்போது ஓடும்? ட்யூஷன் சேர்க்கும்போதே நேரத்தைக் கேட்டு, வெளிச்சம் இருக்கும் பொழுதை விளையாட்டுக்கு ஒதுக்குங்கள். எடை குறைக்க ஓடச் சொன்னால் எந்தப் பிள்ளையும் ஓடாது. இரண்டு நண்பர்களும் ஒரு பந்தும் இருந்தால் அழைத்தாலும் உள்ளே வராது. ஒல்லிப் பிள்ளைக்கும் விளையாட்டு வேண்டும். பசி எடுப்பதே அதில்தான்.

18. பெரியவளான பெண்ணின் விளையாட்டை நிறுத்தாதீர்கள்

இது பற்றி நம் வீடுகளில் பேசியாக வேண்டும். பெண் பெரியவளானதும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, புட்டு என்று விருந்து தொடங்குகிறது. அதில் தவறே இல்லை. உளுந்தில் புரதம் இருக்கிறது, அந்த வயதில் சத்து தேவையும் கூட. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: சைக்கிளை மூலையில் சாய்த்துவிடுகிறோம். தெருவில் விளையாடக் கூடாது, ஓடக் கூடாது, பள்ளியில் கபடிக் குழுவில் பெயரை எடுத்துவிடு. சாப்பாடு இரட்டிப்பாகி ஓட்டம் நின்றுபோனால் ஆறு மாதத்தில் எடை எங்கே போகும்?

பூப்பை ஒட்டி இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது இயற்கை. அதற்காக அவளைக் கேலி செய்யாதீர்கள். களியும் நெய்யும் முதல் சில நாட்களோடு போதும். அதன் பிறகு எப்போதும் போலச் சாப்பாடு, இரும்புச்சத்துக்குக் கீரை, முருங்கை, பேரீச்சை, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களிலும் உடம்பு ஒத்துழைத்தால் அவள் தாராளமாக விளையாடலாம்.

19. தூக்கமும் திரையும்

பள்ளி வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்ம வயதில் 8 முதல் 10. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, மறுநாள் இனிப்பையும் மொறுமொறுப்பையும் வாய் தேடும். இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லா செல்போன்களும், உங்களுடையது உட்பட, ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். சாப்பிடும்போது கார்ட்டூன் வேண்டவே வேண்டாம். திரையைப் பார்த்துக்கொண்டே தின்னும் பிள்ளைக்கு எவ்வளவு தின்றோம் என்பதே தெரியாது.

20. வாயைக் கட்டுங்கள், பிள்ளையினுடையதை அல்ல

குண்டு, பூசணி, ஓமக்குச்சி, நோஞ்சான். செல்லமாகத்தான் சொல்கிறோம், பிள்ளை சிரிக்கவும் செய்யும். பள்ளியிலும் அதே பெயர் தொடரும்போது, பி.டி. வகுப்பில் கடைசியில் போய் நிற்கும். பூட்டிய அறையில் ஒளிந்து தின்னும். சில பதின்ம வயதுப் பெண்கள் சாப்பிடாமலே இருந்து ஆபத்தில் மாட்டுகிறார்கள். வீட்டுக்கு வரும் உறவினர் சொன்னால், பிள்ளையின் எதிரிலேயே “அப்படிக் கூப்பிடாதீங்க அத்தை” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளை அதை மறக்காது. எடையைப் பற்றிப் பேச வேண்டியது இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். பிள்ளையிடம் விளையாட்டைப் பற்றியும் சமையலைப் பற்றியும் பேசுங்கள்.

தாத்தா பாட்டியோடு சண்டை வேண்டாம். பேரப்பிள்ளைக்கு எதையாவது கொடுத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கடலை மிட்டாயையும் பழத்தையும் நீங்களே வாங்கி அவர்கள் கையில் கொடுத்து வையுங்கள்.

21. கழுத்துக் கருப்பு அழுக்கல்ல

எடை கூடிய பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கருமை படிந்திருந்தால், கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்காதீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் தோல்தான் புண்ணாகும். இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. பின்னாளில் சர்க்கரை நோய் வரக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பு. குளிப்பாட்டும்போது தலைமுடியை உயர்த்திப் பாருங்கள். இருந்தால் இரத்தச் சர்க்கரை, கல்லீரல், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை சீரானால் அந்தக் கருமையும் மெல்ல மங்கும்.

22. மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

எடை ஏறாத பிள்ளைக்கு முதலில் பூச்சி மாத்திரை: பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் கொடுப்பார்கள், மென்று விழுங்க வேண்டும். அதன்பின் ஹீமோகுளோபின் பரிசோதனை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருந்து எடையும் ஏறவில்லை என்றால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். வீட்டில் யாருக்காவது அது இருந்திருந்தால் இன்னும் அவசியம். எடை கூடிய பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குட்டையாகவும் இருந்தால், அது வெறும் சாப்பாட்டுப் பருமனாக இருக்காது. அப்படிப் பருமனாகும் பிள்ளைகள் பொதுவாக உயரமாகவே இருப்பார்கள். தைராய்டு முதலிய ஹார்மோன்களைப் பார்க்க வேண்டும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால், காலையில் எழும்போதே தலைவலி என்றால், முட்டி அல்லது இடுப்பு வலியால் நொண்டினால், தாமதிக்க வேண்டாம்.

நன்றாகச் சாப்பிட்டும் சில வாரங்களில் எடை மளமளவென்று இறங்குகிறது, ஓயாமல் தண்ணீர் கேட்கிறது, படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கிறது என்றால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். டைப் 1 சர்க்கரை நோய் பிள்ளைகளிடம் இப்படித்தான் வெளிப்படும். கூடவே வாந்தியும் வயிற்று வலியும் மேல்மூச்சும் சேர்ந்துவிட்டால் காலை வரை காத்திருக்காமல், இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.